குர்ஷித் பேகம் பேசிய இத்தாலி மொழி

திண்டுக்கல் பேகம்பூரில் குர்ஷித் பேகத்தின் முகத்தை அறியாதவர்கள்கூட அவருடைய குரலை அறிவார்கள். விடிவதற்குள் இடியாப்பத் தட்டுகளை அடுப்பிலிருந்து இறக்கி, ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் கட்டி அனுப்பிவிட்டு, அவர் வாசலில் வந்து நின்று பேசத் தொடங்கினால் தெருவின் அன்றைய நாள் தொடங்கிவிட்டது என்று பொருள். அரிசி மாவு கொரகொரவென்று வந்தால் மில்லுக்காரரோடு பேசுவார். மின்சாரம் நின்றால் மின்வாரிய அலுவலகத்தோடு பேசுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியிருந்தால், "பேசுறதுக்குக் குர்ஷித்தக்காவக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். எரியோட்டில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பத்தொன்பது வயதில் அப்துல் ஹக்கீமுக்கு மனைவியாகி இந்தத் தெருவுக்கு வந்தவர். ஹக்கீம் தோல் மண்டியில் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலை பார்ப்பவர், பேச்சுக் குறைவானவர். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் மனைவியே பேசிவிடுவதால் அவருக்கு அதில் குறை இருந்ததில்லை.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஃபாரிஸ், தோல் பதனிடும் இயந்திரங்களில் வேலை பழகி, ஒரு தரகர் மூலம் இத்தாலியில் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இளையவள் நஸீரா முதுநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் மாதத்தில் ஒரு காலை, பனிமூட்டத்தில் சைக்கிளில் வேலைக்குப் போன ஃபாரிஸின்மீது ஒரு வேன் மோதியது. தலையில் அடி. அன்றிலிருந்து அவன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். ஹக்கீமின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பிக்கக் கொடுத்து, அது வந்த பிறகு விசாவுக்கு நாள் கேட்டு, அந்த நாளுக்காக வீடு காத்திருந்தது.

செய்தி சொல்ல ஒருவன் மட்டும் இருந்தான். ஃபாரிஸோடு ஒரே அறையில் தங்கியிருந்த தப்ரேஸ், திண்டுக்கல் பையன்தான். தினமும் வேலை முடிந்து போன் செய்வான்.

"நல்லா இருக்கான் மாமி. டாக்டருங்க நல்லாப் பாத்துக்கிறாங்க."

"நேத்தும் இதத்தானப்பா சொன்ன."

"நேத்தும் நல்லாத்தான மாமி இருந்தான்."

"நல்லா இருக்கிறவன எதுக்குப்பா ஐசியூவுல வச்சிருக்காக?"

சற்று நேரம் சத்தம் இருக்காது. பிறகு, "சிக்னல் சரியில்ல மாமி, நாளைக்குப் பேசுறேன்" என்பான்.

குர்ஷித் பேகத்துக்கு அந்த மௌனத்தின் பொருள் தெரிந்திருந்தது. கெட்ட செய்தியைப் போனில் சொல்லும் வழக்கம் அவர் பழகிய மனிதர்களிடம் இல்லை. அவருடைய தந்தை இறந்த அன்று, தம்பி சேக் பரீது எரியோட்டிலிருந்து கூப்பிட்டு, "அத்தாவுக்கு முடியல, சீரியஸா இருக்கு, கெளம்பி வா" என்று மட்டும் சொன்னான். பஸ்ஸில் வழிநெடுக துஆ ஓதிக்கொண்டே போய் இறங்கியபோது, குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி முடித்திருந்தார்கள். அதற்காகத் தம்பியை யாரும் குறை சொல்லவில்லை. வேறு எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டு ஹாஃபிஸாவின் தாயார் மவுத்தானபோது, ஹாஃபிஸாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சீரியஸாம்டி, ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்று சொன்னவர் குர்ஷித் பேகமேதான். ஆகவே தப்ரேஸ் 'நல்லா இருக்கான்' என்று சொல்வதில் தகவல் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நிஜத்தைச் சொல்லக்கூடியவர், இந்த ஊர் வழக்கம் அறியாத ஒருவராகத்தான் இருக்க முடியும். அந்த வார்டில் இருக்கிற நர்சம்மாவிடமே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

குடும்பத்தார் போனில் விசாரிக்க அந்த வார்டில் ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே நடுப்பகல், இங்கே அசர் தொழுகை முடிந்த மாலை. முதலில் நஸீரா எளிய வழியைத்தான் முயன்றாள். ஒரு போனில் வார்டை அழைத்து, இன்னொரு போனில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டாள். மறுமுனையில் ஒரு பெண் ஹலோ என்பதற்கு "ப்ரொன்தோ" என்றார். நஸீரா தமிழில் கேட்டாள். இயந்திரம் இத்தாலி மொழியில் சொன்னது. மறுமுனை ஏதோ வேகமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மறுபடி அழைத்தபோதும் அப்படியே. மூன்றாவது முறை எடுக்கவே இல்லை.

தப்ரேஸ் விசாரித்துச் சொன்னான்: "மிஷின் கொரல் வந்தா ஏமாத்துக்காரங்கன்னு நெனச்சு வச்சிருவாங்களாம் மாமி. குடும்பத்து ஆளு அவங்க வாயால ரெண்டு வார்த்த பேசினா பதில் சொல்வாங்களாம்."

"அப்ப நான் பேசுறேன்" என்றார் குர்ஷித் பேகம்.

"இத்தாலியனா?" என்றாள் நஸீரா.

"மனுசங்க பேசுறதுதான?"

நஸீரா தன் போனில் இருந்த குரல் உதவியாளரைத் தாய்க்குப் பழக்கிக் கொடுத்தாள். அது தமிழில் கேட்டால் தமிழில் விளக்கி, இத்தாலி மொழியில் சொல்லிக்காட்டி, திருப்பிச் சொல்லவைத்துத் திருத்தும். அதற்கு ஒரு பெயர் இருந்தது. குர்ஷித் பேகம் அதை 'அந்தப் புள்ள' என்றே அழைத்தார். மாவு டப்பாவில் போனைச் சாய்த்து நிறுத்திவிட்டு, இடியாப்ப உழக்கை அழுத்திக்கொண்டே பாடம் நடந்தது.

"சோனோ லா மாத்ரே தி ஃபாரிஸ்" என்றார். ஃபாரிஸின் தாய் நான்.

"மிக அருமை. மிகத் தெளிவாகச் சொன்னீர்கள்" என்றது போன்.

"என்ன நஸீரா இது, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுது."

"அதுக்குப் புத்தகத் தமிழ்தாம்மா வரும்."

"இம்புட்டு நேரம் பேசுது, ஒரு தடவகூட சாப்டீங்களான்னு கேக்கல. எதச் சொன்னாலும் அருமை. ஒங்கத்தா வச்ச கொழம்பக் குடுத்தாலும் அருமைன்னுதான் சொல்லும் போல."

பக்கத்துச் சுவருக்கு மேலிருந்து ஹாஃபிஸா எட்டிப் பார்த்தாள். "யாருக்கா விருந்தாளி? புதுசா ஒரு பொம்பளக் கொரல் கேக்குது."

"விருந்தாளி இல்லடி, போனு. பாடம் சொல்லித் தருது."

"போனே இம்புட்டு மரியாதயா பேசுதா? எங்க வீட்டு ஆளு கல்யாணமான நாள்லேருந்து ஒருக்கா அருமைன்னு சொல்லிருப்பாரா? அதுல எங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தாக்கா."

விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான் முதல் முறை.

சொற்கள் ஓரளவு படிந்தபின் நஸீரா பயிற்சியை அடுத்த நிலைக்கு நகர்த்தினாள். போனை எடுத்து, "நீ இத்தாலியில் ஒரு ஆஸ்பத்திரியின் நர்ஸ். என் அம்மா உன்னைக் கூப்பிட்டு மகனைப் பற்றி விசாரிப்பார். நீ நர்ஸ் போலப் பதில் சொல்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

"கோமே ஸ்தா மியோ ஃபீல்யோ?" என்று கேட்டார் குர்ஷித் பேகம். என் மகன் எப்படி இருக்கிறான்?

போன் குரலைத் தாழ்த்தி, பரிவோடு பதில் சொன்னது. பிறகு அதையே தமிழிலும் சொன்னது: "உங்கள் மகன் இரவு நன்றாகத் தூங்கினார். இன்று நேற்றைவிட நலமாக இருக்கிறார்."

இடியாப்ப உழக்கை அழுத்திய கை அப்படியே நின்றது. மாவு இழை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்கா கேக்கட்டுமா?" என்றார்.

எப்போது எழுந்திருப்பான் என்று கேட்க ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டார். அதற்கு அந்தக் குரல் "ப்ரெஸ்தோ" என்றது. சீக்கிரம். சாப்பிட்டானா என்று கேட்டார். கொஞ்சம் சூப் குடித்தார் என்றது. அடுத்த நாட்களில் அவர் வேலைக்கு நடுவே, வேலை முடிந்து, தொழுகைக்கு உட்காருமுன் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு முறையும் ஃபாரிஸ் தூங்கினான், சூப் குடித்தான், நேற்றைவிட நலமாக இருந்தான்.

நஸீராவுக்கு இது சரியாகப் படவில்லை. "அம்மா, இது நாம போட்டுக் குடுத்த வேஷம். அண்ணன்னு ஒருத்தன் இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

"தெரியும்டி. நான் என்ன கிறுக்கா? பேசிப் பழகுறேன்."

"பழகுறதுன்னா எல்லாப் பதிலையும் பழகணும். நெசமா அவங்க வேற ஏதாச்சும் சொன்னா என்ன செய்வீங்க? நல்லா இருக்கான், அப்படியே இருக்கான், சீரியஸா இருக்கான், இந்த மூணுமாச்சும் தெரிஞ்சிருக்கணும்."

அவளே கேட்டுச் சொன்னாள். மேல்யோ என்றால் முன்னைவிட நலம். ஊக்வாலே என்றால் அதே நிலை. கிராவே என்றால் சீரியஸ்.

"அந்த மூணாவத விட்று" என்றார் குர்ஷித் பேகம்.

"கத்துக்கிட்டா வந்துருமாம்மா?"

"வராது. இருந்தாலும் விட்று."

ஆனால் வேண்டாம் என்று தள்ளிய அந்தச் சொல்தான் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு மனத்தில் உட்கார்ந்தது. அதற்கும் அப்பால் இன்னும் ஒரு சொல் இருப்பது தாய்க்கும் மகளுக்கும் தெரியும். நஸீராவும் அதைப் போனிடம் கேட்கவில்லை.

ஜனவரி நடுவில், நஸீராவுக்குச் செய்முறைத் தேர்வு இருந்த ஒரு நாள். அவள் வந்த பிறகு சேர்ந்து பேசலாம் என்றுதான் திட்டம். ஆனால் அவள் பஸ் பிடித்து வருவதற்குள் வார்டின் நேரம் முடிந்துவிடும் என்று குர்ஷித் பேகத்துக்குத் தோன்றியது. முந்தைய இரவு தப்ரேஸ் போன் செய்யவில்லை. அதுவும் ஒரு காரணம். முக்காட்டைச் சரிசெய்து, பிஸ்மி சொல்லி, எண்ணை அழுத்தினார்.

"ப்ரொன்தோ."

"புவோன்ஜோர்னோ. சோனோ லா மாத்ரே தி ஃபாரிஸ். இந்தியா."

"ஆ, சிஞ்ஞோரா" என்றது மறுமுனை. அம்மா என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லில் இருந்த மரியாதையைக் கேட்டு குர்ஷித் பேகத்துக்குத் துணிவு வந்தது. தன் பெயர் பாவ்லா என்று அந்தப் பெண் சொன்னது புரிந்தது. மகன் எப்படி இருக்கிறான் என்று பிசகில்லாமல் கேட்டார்.

தூங்கினான் என்று பாவ்லா சொல்லவில்லை. சூப் என்றும் சொல்லவில்லை. நீளமாக ஏதோ சொன்னார். ஓடுகிற பஸ்ஸின் பலகையைப் படிக்க முயல்வதுபோல இருந்தது. எழுத்துகள் தெரிந்தன, ஊர் தெரியவில்லை. அதன் நடுவில் ஒரு சொல் மட்டும் தெளிவாக நின்று போயிற்று.

மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது, கேட்டார்.

"ஏ கிராவே, சிஞ்ஞோரா" என்றார் பாவ்லா, ஒவ்வொரு சொல்லாக. பின்னால் ஏதோ ஒரு நீண்ட சொல் வந்தது; அதைக் குர்ஷித் பேகம் அறியார். அதன் பிறகு ஒரு கேள்வி: "லெய் புவோ வெனீரே?" நீங்கள் வர முடியுமா?

சீரியஸ். கிளம்பி வா.

அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "கிராத்ஸியே" என்று நன்றி சொல்லிவிட்டு வைத்தார். எரியோட்டிலிருந்து தம்பி கூப்பிட்ட நாளில் எவ்வளவு சொல்லப்பட்டதோ, அவ்வளவும் அதே வரிசையில் சொல்லப்பட்டுவிட்டது. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரு தாயிடம் இதை இப்படித்தான் சொல்வார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நர்சம்மாவும் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாள் என்றும் நினைத்தார்.

மகரிபு தொழுகைக்கு முன் ஹக்கீம் மண்டியிலிருந்து வந்தார். குர்ஷித் பேகம் அழாமல் சொன்னார்:

"வார்டுக்குப் பேசினேங்க. சீரியஸாம். கெளம்பி வரச் சொல்றாக."

ஹக்கீம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "எப்ப?" என்று கேட்டார்.

எப்போது வரச் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. அது இருவருக்கும் தெரியும்.

"கேக்கல" என்றார் குர்ஷித் பேகம்.

ஹக்கீம் முகம் கழுவிவிட்டு வந்து, சேக் பரீதைப் போனில் கூப்பிட்டார். "மாப்ள, ஃபாரிஸுக்கு சீரியஸ்னு ஆஸ்பத்திரியிலேருந்து சொல்லிட்டாக" என்றார். சேக் பரீது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வாரோம் மச்சான்" என்றான். அதன் பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹாஃபிஸா வந்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். "இங்க ஒண்ணும் பத்த வைக்க வேணாங்கா. எங்க வீட்டுல ஆக்கிக் கொண்டாரேன்" என்றாள். ஜமாஅத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து வாசலில் வரிசையாயின. உள்ளே பெண்கள், இறந்தவர்களுக்காக ஓதும் யாசீனை எடுத்து உட்கார்ந்தார்கள்.

தேர்வு முடிந்து வந்த நஸீரா தெருமுனையிலேயே நாற்காலிகளைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து தாயின் தோளைப் பிடித்தாள்.

"என்னம்மா சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

"கிராவேன்னாங்க. வர முடியுமான்னாங்க."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். போன்ல வேற என்னடி சொல்வாக?"

நஸீரா தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, அவங்க ஊர்ல சீரியஸ்னா சீரியஸ்தாம்மா. இறந்துட்டா இறந்துட்டாங்கன்னே சொல்லிருவாங்க. அவங்க மறைக்க மாட்டாங்க."

"நீ பாத்தியா?" என்றார் ஹக்கீம், வாசற்படியில் நின்றபடி.

நஸீரா இத்தாலிக்குப் போனதில்லை. அந்த ஊரில் யாரும் இறந்து அவள் பார்த்ததில்லை.

"பெறகு எதுக்கு வரச் சொல்றாக?" என்று கேட்டார் ஹக்கீம்.

"கையெழுத்து ஏதாச்சும் வேணுமா இருக்கும். குடும்பத்து ஆளு பக்கத்துல இருந்தா நல்லதுன்னு இருக்கும். எனக்குத் தெரியலத்தா."

அவள் வார்டை அழைத்தாள். நேரம் முடிந்திருந்தது, மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தப்ரேஸை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"உசுரோடதான் இருக்கான் மாமி. சத்தியமா."

"நேத்து ஏம்ப்பா போன் பண்ணல?" என்றார் குர்ஷித் பேகம்.

"நைட் ஷிஃப்ட் மாமி."

"நீ கண்ணால பாத்தியா அவன?"

"உள்ள விட மாட்டாங்க மாமி. குடும்பத்து ஆளுங்கள மட்டுந்தான் விடுவாங்க."

"ஒரு தடவயாச்சும் பாத்தியா?"

இந்த முறை அவன் சிக்னலைக் குறை சொல்லவில்லை.

"இல்ல மாமி. கம்பெனி சூப்பர்வைசர்ட்டதான் கேப்பேன். பேச்சில்லாம அப்படியே இருக்கான்னு சொல்வாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." அவன் அழத் தொடங்கினான்.

எரியோட்டிலிருந்து வந்துசேர்ந்திருந்த சேக் பரீது, "சரிப்பா, நீ தைரியமா இரு" என்று அவனுக்குச் சொல்லிப் போனை வைத்தான். அவன் குரலில் இருந்த கனிவே, தப்ரேஸின் சத்தியத்தை அவன் ஆறுதல் கணக்கில்தான் எழுதிக்கொண்டான் என்பதைக் காட்டியது.

ஆக, நிஜத்தைச் சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் பாவ்லா ஒருவர்தான். அவரிடம் கேட்க மறுநாள் மாலைவரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. மின்வாரியத்தோடும் மில்லுக்காரரோடும் பேசிய வாய்க்கு, பேசுவதற்கு ஆள் இல்லை.

மறுநாள் மதியம் குர்ஷித் பேகம் மகளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு கேளு. உசுரோட இருக்கானான்னு எப்படிக் கேக்கணும்னு."

நஸீரா கேட்டாள். குரல் சொல்லிக் கொடுத்தது: "மியோ ஃபீல்யோ ஏ வீவோ?"

குர்ஷித் பேகம் சொல்லிப் பார்த்தார். போன் இன்னும் பழைய வேஷத்திலேயே இருந்தது. அதே பரிவான குரலில், "சீ, சிஞ்ஞோரா, சுவோ ஃபீல்யோ..." என்று பதில் சொல்லத் தொடங்கியது. குர்ஷித் பேகம் இரு கைகளாலும் போனை மூடினார்.

"அதப் பேச விடாத. பதில் சொல்ல வேணாம்னு சொல்லு. இதுக்கு மட்டும் வேணாம்."

"நீ இனி நர்ஸ் இல்லை. பதில் சொல்லாதே. உச்சரிப்பு சரியா என்று மட்டும் பார்" என்றாள் நஸீரா.

"நிச்சயமாக. சொல்லுங்கள், நான் கேட்கிறேன்" என்றது போன்.

அவர் மறுபடி சொன்னார். மகன் உயிரோடு இருக்கிறானா என்ற அந்த வாக்கியத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்.

"மிக அருமை" என்றது அது.

தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மாலை வந்தது. உள்ளறையில் மூவர் மட்டும். கதவுக்கு வெளியே யாசீன் ஓதும் முணுமுணுப்பு. நஸீரா எண்ணை அழுத்தித் தாயின் கையில் கொடுத்தாள். எடுத்தவர் பாவ்லாவேதான். வணக்கமோ தன் பெயரோ எதுவும் சொல்லாமல், குர்ஷித் பேகம் நேராகக் கேட்டுவிட்டார்.

"மியோ ஃபீல்யோ ஏ வீவோ?"

மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "சிஞ்ஞோரா" என்றார் பாவ்லா. பிறகு வேகமாக, பிறகு மெதுவாக: "சீ, சீ. ஏ வீவோ. வீவோ, சிஞ்ஞோரா. வீவோ."

ஹக்கீமுக்கு மொழி தெரியாது. ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். நஸீரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்ன நேர்ந்திருக்கும் என்று பாவ்லா ஊகித்துக்கொண்டார் போலிருந்தது. சின்னச் சின்னச் சொற்களாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார். கிராவே. நேற்று ஊக்வாலே. இன்று ஊக்வாலே. தூங்குகிறான். நீங்கள் வந்தால், கையைப் பிடித்தால், பேசினால், நல்லது. அதற்காகத்தான் வர முடியுமா என்று கேட்டது. நஸீரா தாயின் காதோரம் ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் குர்ஷித் பேகத்துக்கு இந்த முறை மகளின் உதவி வேண்டியிருக்கவில்லை. எல்லாம் புரிந்தது.

பயிற்சியில் எத்தனையோ தடவை கேட்டுப் பழகியிருந்த கேள்வி தானாக நாக்குக்கு வந்தது: எப்போது எழுந்திருப்பான்?

"நோன் லோ ஸோ" என்றார் பாவ்லா.

தெரியாது. அந்தப் புள்ள ஒரு நாளும் சொல்லாத பதில். ஏதோ தவறு என்பதுபோல அவர் மறுபடி கேட்டார். பாவ்லா மறுபடியும் அதையே, அதே நிதானத்தோடு சொன்னார். டாக்டருக்கும் தெரியாது என்றார். யாருக்கும் தெரியாது என்றார். கேட்க இன்னும் நூறு இருந்தன. அவன் முகத்தில் தாடி வளர்ந்திருக்கிறதா, கால் குளிராமல் போர்த்தியிருக்கிறார்களா, கண் மூடித்தான் இருக்கிறதா. ஒன்றுக்கும் வாக்கியம் கற்றிருக்கவில்லை. பாவ்லா காத்திருந்தார். குர்ஷித் பேகம் போனைக் காதில் வைத்தபடி, வாயைத் திறந்து மூடினார். கடைசியில், "அவனப் பாத்துக்கம்மா" என்று தமிழிலேயே சொன்னார். பாவ்லாவும் ஏதோ சொன்னார். போன் வைக்கப்பட்டது.

ஹக்கீம் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பேச்சில்லாத மனிதர், அன்று தானாகப் பேசினார்.

"உசுரோட இருக்கான். நர்சம்மாவே சொன்னாங்க. அதே நெலமைலதான் இருக்கானாம். ஒண்ணும் ஆகல."

நாற்காலிகளில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஒருவர் தணிந்த குரலில். சேக் பரீது எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தான்.

"ஆமா மச்சான். ஒண்ணும் ஆகாது. நீங்க மொதல்ல உக்காருங்க. ஒரு வாய் டீ குடிங்க."

"நெசமாத்தான்டா சொல்றேன்."

"நெசந்தான் மச்சான். யாரு இல்லன்னா."

யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும் இன்னும் தள்ளி உட்கார்ந்து ஹக்கீமுக்கு இடம் விட்டார்.

குர்ஷித் பேகம் திரையை விலக்கி வெளியே வந்தார். தானே சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தார். அந்தத் தெருவில் அவர் பேச்சை நம்பாதவர்கள் இருந்ததில்லை. "நான்தான் பேசினேன். என் வாயால கேட்டேன், அவுக வாயால சொன்னாக. தூங்குறானாம். போய்ப் பேசினா நல்லதாம்" என்றார்.

யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். ஹாஃபிஸா வந்து அவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. நல்லாருப்பான்க்கா. தூங்கட்டும். நீ செத்த நேரம் படு."

அந்தக் குரலைக் குர்ஷித் பேகத்துக்கு மிக நன்றாகத் தெரியும். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பெண்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அவரே பேசிய குரல் அது. அதற்கு எதிராக எதைச் சொன்னாலும் நிற்காது என்பதும் அவருக்குத் தெரியும். கையை விடுவித்துக்கொள்ளவும் தோன்றாமல் ஹாஃபிஸா விரித்த பாயில் உட்கார்ந்தார். துக்கம் கேட்க வேடசந்தூர் பஸ்ஸில் வந்திறங்கிய நாலு பேர் தெருமுனையில் நின்று, ஃபாரிஸின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.